செட்டிநாட்டில் ஓய்வுக்காலம்: பெரிய வீடா, சின்ன வில்லாவா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர், புதுவயல் என்று இந்தப் பக்கம் பூர்வீக வீடு உள்ளவர்கள் 55 வயதைத் தாண்டிவிட்டால், கல்யாண வீட்டில் நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்ததும் பேச்சு இதில்தான் வந்து நிற்கும். வேலை முடிந்ததும் ஊருக்கு வந்து பெரிய வீட்டில் இருப்பதா, இல்லை ஊரோரத்தில் பராமரிப்பு அதிகம் இல்லாத ஒரு சின்ன வில்லா வாங்கிக்கொள்வதா? என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை மறைக்கவில்லை.

சுருக்கமாகச் சொல்லுங்கள், எது நல்லது?

கணவன் மனைவி இருவரில் ஒருவர் மட்டும் மிஞ்சும்போது, அந்த ஒருவரால் தனியாக நடத்த முடிகிற வீடுதான் நல்லது. இரண்டு பேரும் நடமாட்டமாக இருக்கும்வரை எந்த வீடும் சரியாகத்தான் தெரியும். நம் பக்கத்தில் மனைவி பெரும்பாலும் வயதில் சின்னவர், அதனால் கடைசியில் தனியாக இருக்கப் போவது அவராக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஆனால் வீட்டு விஷயத்தில் முடிவு எடுப்பது ஆண்கள்தான். ஆச்சியை (மனைவியை) ஒரு வார்த்தை கேட்கிறார்கள், அவரும் "உங்க இஷ்டம்" என்று சொல்லிவிடுகிறார், அதோடு சரி. அப்படி விடாதீர்கள். அவர் மனதில் உள்ளதைச் சொல்லும்வரை உட்கார்ந்து பேசுங்கள், ஏனென்றால் அந்த முடிவோடு அதிக காலம் வாழப் போவது அவர்.

பெரிய வீட்டில் இரண்டு பேர் இருப்பதில் அப்படி என்ன கஷ்டம்?

அந்த வீடு இரண்டு பேருக்காகக் கட்டியது இல்லை. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து 1940கள் வரை பர்மா, மலேயா, இலங்கை என்று சம்பாதித்த பணத்தில், வளவை, அதாவது உள்முற்றத்தைச் சுற்றி ஒவ்வொரு புள்ளிக்கும் (கல்யாணமான மகனின் குடும்பத்துக்கு) ஒரு அறை, முன்னால் முகப்பும் பட்டாலையும் (கூடம்), பின்னால் இரண்டாங்கட்டு, அடுப்படி என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற மாதிரி கட்டினார்கள். வீடு நிறைய ஆட்களும், கூட்டிப் பெருக்கத் தனி ஆட்களும் இருப்பார்கள் என்ற கணக்கில் கட்டியது. 1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் அந்தப் பணம் வரும் வழி அடைபட்டது, அப்புறம் ஆட்களும் பிழைப்பைத் தேடி வெளியூர் போனார்கள். ஆனால் கூரையின் பரப்பு குறையவில்லையே.

கஷ்டம் எல்லாம் அந்தக் கூரையில்தான். முற்றத்தைச் சுற்றி நான்கு பக்கமும் ஓட்டுச் சரிவு இறங்கும் இல்லையா, இரண்டு சரிவுகள் சேருகிற கூடுவாயில் சருகு, புறா எச்சம், உடைந்த ஓட்டுத்துண்டு எல்லாம் வந்து அடைத்துக்கொள்ளும். ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன்னால் ஓர் ஆள் ஏறி அதைச் சுத்தம் செய்து, விரிசல் விட்ட ஓட்டை மாற்றிவிட வேண்டும். ஒரு வருஷம் விட்டால் தண்ணீர் கீழே சொட்டாது, மரத்துக்குள் இறங்கும். சுவரில் கறை தெரிகிற நேரத்தில் உத்தரத்தின் தலைப்பு மெத்தென்று ஆகியிருக்கும், கரையானும் வந்திருக்கும். பர்மா தேக்கை எதுவும் செய்யாது என்று சொல்வார்கள். காய்ந்திருக்கும்வரை அது உண்மை.

இன்னொன்று, கைப்பிடிச் சுவரில் முளைக்கிற அரசங்கன்று. கிள்ளிப் போட்டால் அடுத்த மழைக்கு இரண்டாகத் தழைக்கும். வேரோடு எடுத்து அந்த இடத்தைச் சுண்ணாம்பு வைத்து அடைக்க வேண்டும். 70 வயதில் அதை அண்ணாந்து பார்க்கத்தான் முடியும், ஆள் கிடைக்கும்வரை அது வளர்ந்துகொண்டே இருக்கும்.

வருஷத்துக்குப் பராமரிப்பு எவ்வளவு ஆகும்?

ஒரு தொகையை நான் சொன்னால் உங்கள் வீட்டுக்குப் பொருந்தாது. கணக்கை மூன்றாகப் பிரித்துப் போடுங்கள்: மாதாமாதம் ஆகிற செலவு (பெருக்கித் துடைக்கும் ஆள், காவல், மின்கட்டணம்), வருஷத்துக்கு ஒரு முறை ஆகிற செலவு (ஓடு, கரையான் மருந்து, தோட்டம்), ஐந்தாறு வருஷத்துக்கு ஒரு முறை வருகிற பெரிய செலவு (வெள்ளையடிப்பு, மின்கம்பி மாற்றுவது, மரவேலை). மூன்றாவதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை, ஆளை நெரிப்பது அதுதான். அப்புறம், இதில் உங்கள் பங்காளிகள் உண்மையில் எவ்வளவு தருவார்கள் என்று பாருங்கள். தருகிறேன் என்று சொல்வதை விடுங்கள், போன மூன்று வருஷம் தந்ததை எழுதுங்கள்.

மலிவாக முடிக்கிறேன் என்று சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் பூசுவதை மட்டும் அனுமதிக்காதீர்கள். பழைய செங்கலும் சுண்ணாம்பும் ஈரத்தை வாங்கி வெளியே விடும். சிமெண்ட் அதை உள்ளேயே அடைத்துவிடும், இரண்டு மழைக்குள் பூச்சு பாளம் பாளமாக வரும். தரையில் பதிக்கிற ஆத்தங்குடிக் கல்லுக்கும் ஒரு வார்த்தை: அது சூளையில் சுட்டது இல்லை, கண்ணாடி மேல் வண்ணக் கலவை ஊற்றி, சிமெண்ட் வைத்து, தண்ணீரில் ஊறப்போட்டு எடுத்தது. ஆசிட் ஊற்றிக் கழுவினால் அந்தப் பளபளப்பு திரும்ப வராது. வெறும் தண்ணீரில் துடைத்தாலே போதும், நடக்க நடக்க மெருகு ஏறும்.

அப்படியானால் வில்லாவில் செலவே இல்லையா?

இருக்கிறது, வேறு விதமாக. முதலாவது வெயில். பெரிய வீட்டில் தடித்த சுவரும் உயரமான கூரையும் முற்றமும் இருப்பதால் சித்திரை மதியத்தில்கூடப் பட்டாலையில் பாய் விரித்துப் படுக்க முடியும். கான்கிரீட் தளம் போட்ட சின்ன வீட்டில் பகல் முழுக்க வாங்கிய சூட்டைத் தளம் ராத்திரி இறக்கும், ஏசி இல்லாமல் முடியாது. வில்லா பார்க்கப் போகிறவர்கள் மாசி மாதம் காலையில் போய்ப் பார்த்து, "காற்று நல்லா வருது" என்று முன்பணம் கொடுத்துவிடுகிறார்கள். சித்திரையில் மாலை 4 மணிக்குப் போய் மேற்குச் சுவரில் கை வைத்துப் பாருங்கள்.

இரண்டாவது, மாதப் பராமரிப்புக் கட்டணம். இது வருஷா வருஷம் ஏறும். சங்கம் வாங்கும் கட்டணம் ஒரு வீட்டுக்கு மாதம் 7,500 ரூபாயைத் தாண்டி, சங்கத்தின் ஆண்டு வரவும் 20 லட்சத்துக்கு மேல் இருந்தால் 18 சதவீதம் ஜிஎஸ்டியும் சேரும். ஓய்வூதியத்தை மட்டும் நம்பி இருப்பவர்கள் இதை முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும்.

வில்லா வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

மாடி. வில்லா என்று விற்பதில் நிறையப் பேர் கீழே ஹாலும் அடுப்படியும் வைத்து, படுக்கையறையை மாடிக்குக் கொண்டுபோய்விடுகிறார்கள். ஓய்வுக்காலத்துக்கு அது ஆகாது. கீழ்த்தளத்திலேயே ஒரு படுக்கையறை, அதோடு சேர்ந்த குளியலறை, சக்கர நாற்காலி நுழைகிற மாதிரி மூன்றடிக் கதவு, குளியலறைக்கும் அறைக்கும் நடுவில் படி இல்லாத தரை, கழுவும் தொட்டிக்கும் கழிப்பறைக்கும் பக்கத்தில் பிடித்துக்கொள்ளக் கம்பி. இவையெல்லாம் கட்டும்போதே இருந்தால் செலவு குறைவு. வாசலில் சரிவுப் பாதை போட்டால் ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும், அதைவிடச் செங்குத்தாகப் போட்டால் நாற்காலியைத் தள்ளுகிறவருக்கும் ஆபத்து.

பத்திரப் பக்கம்: நிலம் உங்கள் பெயரில் தனியாகப் பதிவாகிறதா, பிரிக்கப்படாத பங்காகவா, இல்லை முன்தொகை வாங்கிக்கொண்டு நீங்கள் இருக்கும்வரை குடியிருக்க மட்டும் விடுகிறார்களா? மூன்றும் மூன்று விதம். கடைசி வகையில் உங்களுக்குப் பின் எவ்வளவு பணம் திரும்ப வரும், யாருக்கு வரும் என்று எழுத்தில் வாங்குங்கள். மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் உண்டா என்று பாருங்கள். நிலப்பரப்பு 500 சதுர மீட்டரைத் தாண்டுகிற அல்லது 8 வீடுகளுக்கு மேல் உள்ள திட்டம் என்றால் ரெரா (வீட்டுமனைத் தொழிலை ஒழுங்குபடுத்தும் ஆணையம்) பதிவு எண் இருக்க வேண்டும், அந்த எண்ணை நீங்களே இணையதளத்தில் போட்டுப் பாருங்கள்.

தண்ணீரை மறக்கவே கூடாது. காரைக்குடிக்குள் சம்பை ஊற்றுத் தண்ணீர் குடித்துப் பழகியவர்கள் புறநகரில் எங்கும் அதே தண்ணீர் வரும் என்று நினைத்துவிடுகிறார்கள். ஆழ்துளைக் கிணறு மட்டுமா, மாநகராட்சிக் குழாய் வருமா என்று அங்கே ஏற்கெனவே குடியிருப்பவரிடம் கேளுங்கள், விற்கிறவரிடம் இல்லை.

பெரிய வீட்டிலேயே வசதி செய்துகொண்டு இருக்க முடியாதா?

முடியும், பங்காளிகள் சம்மதித்தால். முழு வீட்டையும் நடத்த நினைக்காமல், முகப்பை ஒட்டிய ஓர் அறையையும் ஒரு பத்தியையும் (தாழ்வாரம்) மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைப் பூட்டிவிடுங்கள். அறைக்குள்ளேயே கழிப்பறை கட்டுங்கள். பழைய வீடுகளில் கழிப்பறை பின்கட்டுக்கு அப்பால் இருக்கும். ராத்திரி எழுந்தால் உயரமான நிலைப்படிகளைத் தாண்டி, மழைக்காலமானால் முற்றத்து ஓரத்தில் தெறித்த ஈரத்தில் நடந்து போக வேண்டும். கல்லில் தண்ணீர் இருப்பது அரை இருட்டில் தெரியாது. நான் பார்த்தவரை பெரியவர்கள் விழுந்து இடுப்பு முறிவது இந்த வழியில்தான். காலுக்கு வெளிச்சம் விழுகிற மாதிரி சின்ன விளக்கு, பழைய மின்கம்பிக்குப் பதில் புதுக்கம்பி, மின்கசிவு வந்தால் தானாக அணைகிற சுவிட்ச் மூன்றையும் குடிவருவதற்கு முன்னால் போட்டுவிடுங்கள்.

ஆனால் ராத்திரி கூப்பிட்டால் வருகிற தூரத்தில் ஆள் இருக்க வேண்டும். உங்கள் தெருவில் இரவு விளக்கு எரிகிற வீடுகளை எண்ணிப் பாருங்கள். சில ஊர்களில் தெருவே பூட்டிக் கிடக்கிறது. அப்படிப்பட்ட தெருவில் எவ்வளவு வசதி செய்தாலும் தனியாக இருக்க நான் சொல்ல மாட்டேன்.

அப்பச்சி (அப்பா) ஊர் வீட்டை விட்டு வரமாட்டேன் என்கிறார், ஆத்தாவால் (அம்மாவால்) முடியவில்லை. எப்படிப் பேசுவது?

வீட்டை விற்பதையும் வீடு மாறுவதையும் சேர்த்துப் பேசாதீர்கள். அப்பச்சி பயப்படுவது விற்பதைப் பற்றித்தான். "வீடு அப்படியே இருக்கட்டும் அப்பச்சி, சாமி அறைச் சாவி உங்ககிட்டேயே இருக்கட்டும், காரைக்குடியில ஒரு வீட்டில் ராத்திரி படுத்துக்கலாம், வெள்ளிக்கிழமை வந்து விளக்கேத்தலாம்" என்று சொன்னால் பாதிப் பேர் இறங்கி வருவார்கள். ஆத்தாவுக்கு முட்டி வலிக்கிறது என்று பிள்ளைகள் சொல்வதைவிட ஆத்தாவே ஒரு நாள், "என்னால இனி இரண்டாங்கட்டுக்கு நடக்க முடியலை" என்று நேராகச் சொல்வது நன்றாக வேலை செய்யும். அதை அவர் வாயால் சொல்ல விடுங்கள்.

பங்காளி கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார். என் பங்கை மட்டும் விற்கலாமா?

சட்டப்படி விற்கலாம், நடைமுறையில் அடிமாட்டு விலைதான் கிடைக்கும். குடும்ப வீட்டின் பிரிக்கப்படாத பங்கை வெளியாள் வாங்கினால், சொத்து மாற்றுச் சட்டத்தின் 44ஆம் பிரிவுப்படி அவர் கூட்டாகக் குடியிருக்க உரிமை கோர முடியாது. அவர் பாகப்பிரிவினை வழக்குப் போட்டால், 1893ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைச் சட்டப்படி குடும்பத்தில் உள்ளவர்கள் நீதிமன்றம் சொல்லும் விலைக்கு அந்தப் பங்கைத் தாங்களே வாங்கிக்கொள்ளக் கேட்கலாம். இதெல்லாம் தெரிந்த வெளியாள் எவரும் நல்ல விலை தரமாட்டார். ஆகவே பங்காளிக்குள்ளேயே கேளுங்கள். வாங்க முடிந்த பங்காளி ஒருவர் இருப்பார், உங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் அவருக்கு எழுதிக் கொடுப்பதுதான் மனக்கசப்பு குறைந்த வழி. வீட்டைப் பிரித்துத் தேக்கையும் தூணையும் விற்றுப் பணமாக்கலாம் என்று யோசனை சொல்பவர்கள் வருவார்கள். என்னைக் கேட்டால், வேறு வழி ஏதாவது ஒன்று இருக்கும்வரை அதற்குக் கையெழுத்துப் போடாதீர்கள். 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் இடம்பெற்றன. ஆனால் அந்தப் பட்டியல் ஒரு தூணைக்கூடக் காப்பாற்றாது, கையெழுத்துப் போட மறுக்கிற பங்காளிதான் காப்பாற்றுவார்.

அக்கா தங்கச்சிக்குச் சீர் செய்துவிட்டோம். அவர்கள் கையெழுத்தும் வேண்டுமா?

வேண்டும். சீர் வேறு, சொத்துரிமை வேறு. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பிறப்பால் உரிமை உண்டு. அந்தத் திருத்தம் வந்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதும் இல்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. 2004 டிசம்பர் 20க்கு முன்னால் முறையாகப் பதிவான, அல்லது நீதிமன்றத் தீர்ப்பால் ஆன பாகப்பிரிவினைகளுக்கு விலக்கு உண்டு. கேட்டால் தங்கச்சி தவறாக நினைக்குமோ என்று தயங்குகிறார்கள். கேட்காமல் விட்டால்தான் நினைக்கும்.

விற்றால் வரி எவ்வளவு?

ஆடிட்டரிடம் கேளுங்கள், ஆனால் போவதற்கு முன்னால் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். பழைய வீட்டுக்கு 2001 ஏப்ரல் 1 அன்று இருந்த மதிப்பை வாங்கிய விலையாக எடுத்துக்கொள்ளலாம், அரசின் அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டாமல். நீண்டகால மூலதன லாபத்துக்கு 12.5 சதவீதம், அல்லது பணவீக்கத்தைக் கழித்து 20 சதவீதம், எது குறைவோ அது. இந்தத் தேர்வு இந்தியாவில் வசிக்கிறவர்களுக்குத்தான், சிங்கப்பூரில் இருக்கும் பங்காளிக்குக் கிடையாது. அவருக்குக் கொடுக்கும் பணத்தில் வாங்குகிறவர் பிடிக்க வேண்டிய வரியும் அதிகம். உங்கள் லாபத்தை இரண்டு வருஷத்துக்குள் வேறு வீடு வாங்கவோ மூன்று வருஷத்துக்குள் கட்டவோ போட்டால் வரிவிலக்கு உண்டு, அதனால் விற்பனையையும் வில்லா வாங்குவதையும் தேதி பார்த்துச் செய்யுங்கள்.

பெரிய வீட்டை வைத்து வங்கியில் முதியோருக்கான தலைகீழ் அடமானக் கடன் வாங்கி அந்தப் பணத்தில் காலம் தள்ளலாமா?

பூர்வீக வீட்டுக்குக் கிடைக்காது. சொந்தமாகச் சம்பாதித்து வாங்கி, உங்கள் பெயரில் இருக்கிற, நீங்கள் குடியிருக்கிற வீடுதான் கேட்பார்கள்.

ஹோட்டலுக்கோ சினிமா ஷூட்டிங்குக்கோ விடலாமா?

ஹோட்டலுக்கு நீண்டகாலக் குத்தகை விடுவது நல்ல யோசனைதான், கானாடுகாத்தான் பக்கம் சில வீடுகள் அப்படித்தான் கூரை ஒழுகாமல் நிற்கின்றன. எல்லாப் பங்காளிகளும் கையெழுத்துப் போட்ட பதிவுக் குத்தகையாக இருக்க வேண்டும், படைப்புக்கும் (முன்னோருக்குப் படைக்கிற வழிபாடு) கல்யாணத்துக்கும் எந்த நாட்கள் வீடு நமக்கு வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். ஷூட்டிங்குக்கு விட்டால் ஒரு நாள் வாடகை பார்க்க நன்றாக இருக்கும். கனமான விளக்குகளை ஆத்தங்குடிக் கல்லில் இழுத்துக் கீறினால் அதே பூ வேலையில் பழைய கல்லுக்கு எங்கே போவீர்கள்? கூடவே நிற்க ஆள் இல்லாவிட்டால் விடாதீர்கள்.

சின்ன வீட்டுக்குப் போய்விட்டால் படைப்பு, நோன்பு எல்லாம் என்ன ஆகும்?

பிள்ளையார் நோன்புக்கு இழை எடுக்கச் சின்ன வீடு தாராளமாகப் போதும். படைப்பும் கல்யாணமும் பெரிய வீட்டில்தான் நடக்க வேண்டும், அதற்காகத்தான் பங்கை விடாமல் வைத்திருங்கள் என்று சொல்கிறேன். வளவில் பொங்கல் வைக்கும்போது உங்கள் புள்ளிக்கான அடுப்பு இல்லாமல் போனால் அந்தக் குறை மனதை விட்டுப் போகாது. பெரிய வீட்டிலிருந்து அரை மணி நேரத்துக்குள் போகிற தூரத்தில் சின்ன வீடு பாருங்கள்.

காரைக்குடி போதுமா, மதுரைக்கோ கோயம்புத்தூருக்கோ போய்விடலாமா?

நெஞ்சுவலியோ பக்கவாதமோ வந்தவருக்கு நேரம்தான் முக்கியம். பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். காரைக்குடியிலிருந்து மதுரையும் திருச்சியும் சுமார் 90 கிலோமீட்டர், அது எட்டக்கூடிய தூரம், ஆனால் உடனே கிளம்ப வேண்டும். கிராமத்துப் பெரிய வீட்டில் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம், கார் வர ஒரு மணி நேரம் என்று போனால் எட்டாது. ஏற்கெனவே இதய நோயோ டயாலிசிஸோ இருந்தால் மருத்துவமனை உள்ள பெரிய ஊருக்கே போங்கள், இதில் உணர்ச்சிக்கு இடம் கொடுக்காதீர்கள். மற்றவர்களுக்குக் காரைக்குடி போதும் என்பது என் எண்ணம். சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள், சென்னைக்குப் பல்லவன் ரயில் இருக்கிறது, பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து திருச்சியில் இறங்கி வந்துவிடலாம்.

பிள்ளைகள் பெயருக்கு இப்போதே எழுதிவிடலாமா?

வேண்டாம், உயில் எழுதுங்கள். எழுதித்தான் ஆக வேண்டும் என்றால், கடைசிவரை எங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையைத் தானப் பத்திரத்திலேயே வெளிப்படையாக எழுதுங்கள். 2007ஆம் ஆண்டுப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவுப்படி, அந்த நிபந்தனையை மீறினால் பத்திரத்தை ரத்து செய்யச் சொல்லிக் கோட்டாட்சியரிடம் போகலாம். பத்திரத்தில் அந்த வரி இல்லாவிட்டால் சிக்கல்தான்.

எப்போது மாறுவது? இன்னும் உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது.

உடம்பு நன்றாக இருக்கும்போதே. விழுந்து படுத்த பிறகு மாறுகிறவருக்குப் புது வீட்டில் அடுத்த வீட்டுக்காரர் பெயர்கூடத் தெரிவதில்லை, அப்புறம் தெரிந்துகொள்ள வெளியே நடக்கவும் முடிவதில்லை. நடக்க முடிகிறபோது போனால்தான் மளிகைக்கடைக்காரர், மருந்துக்கடைப் பையன், கோயிலில் பார்க்கிற முகங்கள் என்று ஓர் ஊர் உருவாகும்.

உடனே வாங்கவும் வேண்டாம். காரைக்குடியில் செக்காலை, சுப்பிரமணியபுரம் பக்கம் தரைத்தளத்தில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, ஐப்பசியில் குடிபோய் ஆவணிவரை இருந்து பாருங்கள். மழை, வெயில் இரண்டும் தெரிந்துவிடும், பெரிய வீட்டுக்கு எத்தனை முறை போகத் தோன்றுகிறது என்பதும் தெரிந்துவிடும். அதற்குள் பங்காளிகளோடு உட்கார்ந்து மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று மூன்றையும் எடுத்து வைத்துவிட்டால் அடுத்த தீபாவளிக்கு முன்னால் முடிவு எடுக்கலாம்.